அப்பத்தாவுக்கும் வகுப்பில் ஓர் இடம் வேண்டும்

மதுரை மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி) அவர்களுக்கும், மேலூர் முதல் சேடபட்டி வரை 13 ஒன்றியங்களின் வட்டாரக் கல்வி அலுவலர்களுக்கும், ஆசிரியர் பயிற்றுநர்களுக்கும், தலைமையாசிரியர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடக்கூடிய சில வேலைகளைக் கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். புதுத் திட்டம் எதுவும் கேட்கவில்லை. பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சையும் கணக்கையும் கைவேலையையும் பாடத்தின் முதல் படியாக வையுங்கள். பெற்றோரைக் கையெழுத்துக்காக மட்டும் கூப்பிடாமல் அந்தப் படியைக் கட்டுவதற்குக் கூப்பிடுங்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியை மனத்தில் வைத்தே கீழே உள்ள ஒவ்வொன்றையும் எழுதியிருக்கிறோம். ஈராசிரியர் பள்ளியில் நடக்காத யோசனையால் நம் கிராமங்களுக்குப் பயனில்லை.

பேச்சிலிருந்து தொடங்குவோம். முதல் வகுப்புப் பிள்ளை, "கம்மாய்க்கு அங்கிட்டு எங்க அப்பத்தா வீடு" என்கிறது. இடம், திசை, உறவு மூன்றையும் குழப்பமில்லாமல் சொல்லிவிட்ட முழு வாக்கியம் அது. பாடநூலில் அதே பிள்ளை பார்ப்பது ஏரி, அந்தப் பக்கம், பாட்டி. அப்பாவின் அம்மா அப்பத்தா, அம்மாவின் அம்மா அம்மாச்சி என்று பிரித்து அறிந்த பிள்ளைக்கு 'பாட்டி' என்ற ஒற்றைச் சொல் யாரைக் குறிக்கிறது என்பதே முதல் குழப்பம். "அப்படிச் சொல்லக் கூடாது, பாட்டின்னு சொல்லு" என்று திருத்தும்போது நாம் ஒரு சொல்லைத்தான் திருத்துகிறோம். பிள்ளையோ தன் வீட்டுப் பேச்சு முழுவதும் பள்ளிக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்கிறது. அடுத்த முறை கேட்டால் வாய் திறப்பதில்லை. பேசாத பிள்ளையிடம் வாசிப்பு வராது. காரணம், வாசிப்பு தொடங்குவதே தான் பேசும் சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பதில்தான்.

இதற்கு ஒரு 80 பக்க நோட்டு போதும். ஒவ்வொரு பக்கத்தையும் நடுவில் மடித்து இடது பக்கம் 'வீட்டில்', வலது பக்கம் 'புத்தகத்தில்' என்று தலைப்பிடுங்கள். திங்கட்கிழமை காலை பத்து நிமிடம், வாரம் 5 சொல். கம்மாய் – ஏரி, வெஞ்சனம் – தொடுகறி, வெரசா – விரைவாக, அம்புட்டு – அவ்வளவு, விருந்தாடி – விருந்தினர். ஆண்டில் 30 வாரம் கிடைத்தாலும் 150 சொல் சேர்ந்துவிடும். வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடமாக, "வீட்டில் பெரியவர்களிடம் ஒரு சொல் கேட்டு வா" என்றால் போதும், எழுதி வர வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் தங்களிடம் ஒன்று கேட்டு அனுப்பியிருக்கிறது என்பதே எழுத்தறியாத அப்பத்தாவுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

இந்த நோட்டு கெட்டுப்போவது பெரும்பாலும் தலைப்பில்தான். 'தவறு – சரி' என்றோ 'கொச்சை – நல்ல தமிழ்' என்றோ எழுதிவிட்டால் அந்த நோட்டே பிள்ளையின் வீட்டைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறது. 'பைய வா' என்று மதுரையில் சொல்கிறோமே, அந்தப் 'பைய' 1098ஆம் குறளிலேயே இருக்கிறது. நாம் கொச்சை என்று ஒதுக்கும் சொற்களில் பல பாடநூல் நடையைவிட மூத்தவை. இதை ஆசிரியர் ஒருமுறை வகுப்பில் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் சொற்கள் வந்து குவியும்.

எழுத்துப் பயிற்சியில் சிவப்பு மையை மூன்று விதமாகப் பிரித்துப் பயன்படுத்துங்கள். பிள்ளை வீட்டுச் சொல்லை எழுதியிருந்தால் அது பிழையே இல்லை. பென்சிலால் அடிக்கோடு மட்டும் போட்டுச் சொல் நோட்டுக்குக் கொண்டு போங்கள். 'வாளப்பளம்' என்று எழுதியிருந்தால் அது காதில் விழுந்ததை ஒழுங்காக எழுதிய பிள்ளை; அங்கே வேண்டியது ஒலிப் பயிற்சி. 'ல'வுக்கு நாக்கு நுனி மேல் பல்வரிசைக்குப் பின்னால் தொடும். 'ள'வுக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொடும். 'ழ'வுக்கு அதே போல வளையும், ஆனால் எங்கும் தொடாது. ஒரு சிறு கண்ணாடியைக் கையில் கொடுத்து மூன்றையும் சொல்லச் சொன்னால் வேறுபாட்டைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். மூன்றாவது, எழுத்தையே மாற்றிப் படித்த உண்மையான தடுமாற்றம். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் தொடக்கப் படியான அரும்பு நிலைப் பயிற்சி அதற்குத்தான். மூன்றுக்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டால், எட்டு வரி எழுதிய பிள்ளை அடுத்த வாரம் மூன்று வரியோடு நிறுத்திக்கொள்ளும், அதுவும் தனக்கு உறுதியாகத் தெரிந்த சொற்களை மட்டும் வைத்து.

வீட்டில் தமிழே பேசாத பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள். மாநகரில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீடுகளில் சௌராஷ்டிரம், பல தெருக்களில் தெலுங்கு, கன்னடம், உருது, நரிக்குறவர் குடியிருப்புகளில் வாக்ரிபோலி, அண்மைக் காலமாகக் கட்டட வேலைக்கு வந்தவர்களின் இந்தி. பிள்ளையின் காதில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஒரு சொல்லைப் பாருங்கள். ஆசிரியர் "புத்தகத்தை மூடு" என்கிறார். தெலுங்கு வீட்டுப் பிள்ளைக்கு மூடு என்றால் மூன்று. புத்தகத்தோடு மூன்றுக்கு என்ன சம்பந்தம் என்று விழிக்கிற பிள்ளையை, சொன்னதைக் கேளாத பிள்ளை என்று நாம் குறித்துவைக்கிறோம். முதல் மாதம் கட்டளைகளைச் சைகையோடு சேர்த்துச் சொல்லுங்கள்: உட்கார், எழு, மூடு, திற, வரிசையாக நில், தண்ணீர் குடி, வெளியே போய் வா. பத்துப் பன்னிரண்டு கட்டளைகள்தான். அம்மாவின் குரலில் ஒன்று முதல் இருபது வரை அவர்கள் மொழியில் எண்ணச் சொல்லி ஆசிரியரின் செல்போனில் பதிந்து வகுப்பு முழுவதற்கும் போட்டுக் காட்டுங்கள். பிற பிள்ளைகளும் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். வீட்டு மொழியில் பேசியதற்காக அபராதம் போடுவதும் வெளியே நிறுத்துவதும் எங்கே நடந்தாலும் உடனே நிற்க வேண்டும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு. அந்த மொழிக்குத் தனி ஆசிரியர் கிடைக்காவிட்டாலும், அதைப் பேசுவதற்கு வகுப்பில் தடை இல்லாமலாவது இருக்கட்டும்.

கணக்குக்கு வருவோம். பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளிடம் செய்த ஓர் ஆய்வு 1985இல் வெளியானது. விற்பனை நடக்கும்போது வாய்வழியே கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாக வந்தன. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37தான் சரி. ஐந்தே பிள்ளைகள் என்பதால் இதை எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் மாட்டுத்தாவணியில் அம்மாவோடு பூக்கடையில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக் கொடுக்கும் பிள்ளை, வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலில் திணறுவதைப் பார்த்த ஆசிரியர் எவருக்கும் இது வியப்பாக இராது. பிள்ளைக்குக் கணக்கு தெரியும். பள்ளி அதை எழுதும் முறைதான் அந்நியமாக இருக்கிறது.

பூக் கட்டும் தாய் ஒருவரை 40 நிமிடம் வகுப்புக்கு அழையுங்கள். வாழைநாரை நனைத்து எடுத்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு பூ வைத்துச் சுருக்குப் போட்டால் ஒரு கண்ணி. பத்துக் கண்ணிக்கு 40 பூ. நான்காம் வாய்பாடு இதோ கையில் இருக்கிறது. முதல் 15 நிமிடம் அவர் கட்டட்டும், பிள்ளைகள் எண்ணட்டும். அடுத்து ஒரு முழம் அளந்து, அதில் எத்தனை கண்ணி என்று பார்க்கட்டும். பிறகு பிள்ளை தன் கையால் முழம் போட்டுப் பார்க்கும். அம்மாவின் முழத்தைவிடக் குறையும். சென்டிமீட்டர் எதற்கு என்ற கேள்வி இங்கே தானாகப் பிறக்கிறது, ஸ்கேலை அப்போது எடுங்கள். ஸ்கேலை முதலிலேயே கொடுத்துவிட்டால் இந்தப் பாடம் வீண். இன்னொன்று, மார்கழி தையில் பனியால் மல்லிகை வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடக்கும். அந்த மாதங்களில் கனகாம்பரமோ வாடாமல்லியோ போதும். பூவை வாங்கி வரச் சொல்லி அந்தத் தாயிடம் கேட்காதீர்கள், பள்ளி மானியத்தில் வாங்குங்கள்.

கோலமும் அப்படித்தான். நடு வரிசையில் 7, இரு பக்கமும் 5, 3, 1 என்று இறங்கும் நேர்ப்புள்ளியில் மொத்தம் 25 புள்ளி. நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4 என்று இறங்கும் ஊடுபுள்ளியில் 37. மூன்றாம் வகுப்புக் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் பெண் பிள்ளைகளை மட்டும் போடச் சொல்லாதீர்கள், எல்லா வீட்டு வாசலிலும் கோலம் உண்டு என்றும் எண்ணாதீர்கள். கோலம் போடாத வீட்டுப் பிள்ளைக்கும் புள்ளி புள்ளிதான். அதைக் கணக்காகவே நடத்துங்கள்.

இனி, நாங்கள் மிகவும் அஞ்சுகிற இடம். வீட்டு அறிவை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள் என்று சொல்வது கேட்க இனிமையாக இருக்கிறது. நம் ஊரில் தொழிலைக் கேட்பது சாதியைக் கேட்பதாக முடியும். "அப்பா என்ன வேலை பார்க்கிறார், எழுந்து சொல்" என்று வரிசையாகக் கேட்டால், சாக்கடை அள்ளுபவரின் பிள்ளையும் பறையடிப்பவரின் பிள்ளையும் தலை குனிந்து நிற்கும், பக்கத்துப் பிள்ளை சிரிக்கும். அன்றைக்கே வகுப்பு இரண்டாகப் பிளந்துவிடும். பள்ளிகளில் சாதி எப்படியெல்லாம் நுழைகிறது என்பதை ஆராய்ந்த நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைப் பற்றிக்கூட அது பேசுகிறது. பாட வேளையில் நாம் கேட்கும் கேள்வி அந்தக் கயிற்றின் வேலையைச் செய்துவிடக் கூடாது.

ஆகவே தொழிலைக் கேட்காதீர்கள், செயலைக் கேளுங்கள். "உங்கள் வீட்டில் எதை எதால் அளப்பார்கள்?" என்ற கேள்விக்கு எல்லா வீட்டிலும் பதில் உண்டு: உழக்கு, படி, சொம்பு, முழம், சாண், கைப்பிடி. "வீட்டில் யார் எதைப் பழுது பார்ப்பார்கள்?" "மழை வருமென்று எதை வைத்துச் சொல்வார்கள்?" இவையும் அப்படியே. உணவைப் பற்றிப் பேசும்போது எது உயர்ந்தது, எது சுத்தம் என்ற சாயல் ஆசிரியரின் முகத்தில்கூட வரக் கூடாது. கைவேலை காட்ட அழைக்கும் பெற்றோரை "பானை செய்பவர் வந்திருக்கிறார்" என்று அறிமுகம் செய்யாமல், பிள்ளைகளின் அத்தை மாமா போல, "மண்ணை எப்படிப் பதம் பார்ப்பது என்று இன்று இந்த அத்தை சொல்லித் தரப்போகிறார்" என்று சொல்லுங்கள். எந்தத் தெருவிலிருந்து யாரை அழைத்தோம் என்று ஆண்டு இறுதியில் எண்ணிப் பாருங்கள். ஒரே தெருவிலிருந்தே எல்லாரும் வந்திருந்தால் அழைப்பில்தான் கோளாறு.

வீட்டுக்குப் போவது அடுத்தது. அமெரிக்காவின் டூசான் நகரில் லூயிஸ் மோலும் உடன் ஆய்வாளர்களும் மெக்சிக்க வம்சாவளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆசிரியர்களை அனுப்பி, 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். பிள்ளைக்கு என்ன குறை என்று பார்க்க அந்த ஆசிரியர்கள் போகவில்லை. அந்த வீட்டுக்கு என்ன தெரியும் என்று கற்றுக்கொள்ளப் போனார்கள். நம் ஆசிரியர்களும் வீட்டுக்குப் போகிறார்கள், மறுக்கவில்லை. பிள்ளை இரண்டு வாரம் வராவிட்டால் போகிறோம். அதனால்தான் ஆசிரியர் தெருவுக்குள் நுழைந்தாலே "உன் மகன் என்ன பண்ணினான்?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.

24 பிள்ளைகள் உள்ள வகுப்பு என்றால் வாரம் இரண்டு வீடு, 12 வாரத்தில் முடிந்துவிடும். எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். மெல்லக் கற்கும் பிள்ளை வீட்டுக்கு மட்டும் போனால் அது தண்டனை ஆகிவிடும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். பதிவேடு, படிவம் எதுவும் கையில் வேண்டாம். பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல செய்தியைத் திட்டவட்டமாகச் சொல்லித் தொடங்குங்கள். "நல்லா படிக்கிறா" என்பது போதாது, "நேத்து கீழே விழுந்த பிள்ளையைத் தூக்கிவிட்டு, அது அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தா" என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி: பிள்ளை வீட்டில் எதை விரும்பிச் செய்கிறது, யாரோடு அதிகம் பேசுகிறது, பள்ளியில் எதற்குப் பயப்படுகிறது? உடன் யாரை அழைத்துப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஊரில் செல்வாக்குள்ள தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றால் அந்த வீட்டுக்காரர் வாய் திறக்க மாட்டார். அதே தெருவின் மேலாண்மைக் குழுத் தாய் ஒருவர் உடன் வந்தால் நல்லது. படம் எடுக்காதீர்கள். எந்த வீடாக இருந்தாலும் கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். ஆசிரியர் சொம்பை வாங்கும் வரை அந்த வீட்டின் கண் முழுவதும் அந்தச் சொம்பின் மேல்தான் இருக்கும்.

பெற்றோர் பிழைப்புக்கு வெளிமாநிலம் போய், பிள்ளை அப்பத்தாவிடம் வளரும் வீடுகள் உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் நிறைய. அங்கே 'பெற்றோர்' என்ற கட்டத்தில் பெயர் மட்டும்தான் இருக்கும். பள்ளியின் பெற்றோர் அப்பத்தாதான். அவரிடம் செல்போன் செய்தி போய்ச் சேராது, எழுத்துச் சீட்டும் சேராது. ஆனால் அவரிடம் கதை இருக்கிறது, அழிப்பாங்கதை என்கிற விடுகதை இருக்கிறது. "ஆயிரம் தச்சர் கூடிக் கட்டிய அழகான மண்டபம், ஒருவர் கண்பட்டு உடைந்ததாம்" என்று போட்டால் தேன்கூடு என்று பதில் வரும் வரை வகுப்பு அடங்காது. அதை எழுதி ஒட்டினால் அன்றைய வாசிப்புப் பாடம் ஆயிற்று.

கதையைப் புத்தகமாக்க ஒரு வாரம் போதும். திங்களன்று அப்பத்தா வகுப்பில் சொல்லட்டும், செல்போனில் பதியுங்கள். செவ்வாயன்று கதையை ஏழு வாக்கியமாகச் சுருக்குங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு முதல் எட்டுச் சொல். அவர் சொன்ன சொல்லையே வைத்துக்கொள்ளுங்கள். பாடநூல் நடைக்கு மாற்றினால் கதை சொன்னவருக்கே அது தன் கதை என்று தெரியாது. புதனன்று பிள்ளைகள் படம் வரையட்டும். இரண்டு ஏ4 தாளை ஒன்றுக்குள் ஒன்றாக நடுவில் மடித்து, மடிப்பில் இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்தால் எட்டுப் பக்கம்: அட்டை ஒன்று, கதை ஏழு. அட்டையில் அப்பத்தாவின் பெயர் வர வேண்டும். ஒரு பிள்ளைக்கு நான்கு பிரதி என்றால் 8 தாள், 24 பிள்ளைக்கு 192. ஒரு ரீமில் 500 தாள், ஆண்டுக்கு இரண்டு சுற்றுப் போட்டாலும் மிஞ்சும். சாதிப் பெயரோ ஊர்ச் சண்டையோ வரும் கதைகளை முன்கூட்டியே கேட்டு விலக்கிவிடுங்கள். பேய்க்கதை வரும். வரட்டும், இரவில் தனியாகப் படிக்கச் சொல்லி அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான்.

கூட்டங்கள் பற்றி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், குழுவில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. 24ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் குறையில்லை, குறை கடிகாரத்தில். வேலை நாளில் பிற்பகல் கூட்டம் வைத்தால், நூறு நாள் வேலைக்குப் போன தாய்க்கு அன்றைய கூலி சிக்கலாகும். மல்லிகை பறிப்பவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போனவர், பிற்பகலில்தான் கண்ணயர்வார். சந்தையில் இரவெல்லாம் மூட்டை இறக்கியவர் பகலில் தூங்குவார். சுங்குடி முடிச்சுப் போடும் தாய்க்கோ பிற்பகல்தான் தோது. எல்லார்க்கும் ஒத்துவரும் ஒரே நேரம் கிடையாது. ஆகவே ஒரே பொருளை இரண்டு வேளை பேசுங்கள்: ஒன்று மாலை 6.30க்கு, தெருவில் இருக்கும் சாவடியிலோ மரத்தடியிலோ. மற்றொன்று ஞாயிறு காலை பள்ளியில். அதற்கு ஈடான விடுப்பை ஆசிரியருக்குக் கொடுங்கள். கொடுக்காமல் இதைக் கேட்பது நியாயமில்லை.

கூட்டம் 40 நிமிடம். முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் தாங்கள் செய்ததைக் காட்டட்டும். அடுத்த பதினைந்து நிமிடம் பெற்றோர் கையில் ஒரு வேலை: சொல் நோட்டில் ஒரு சொல் சேர்ப்பது, கதைப் புத்தகம் மடிப்பது, எண் அட்டை வெட்டுவது. பிறகு பத்து நிமிடம் அவர்கள் பேச, நாம் கேட்க. கடைசி ஐந்து நிமிடம் தீர்மானம். அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைநாட்டோ. ஆசிரியர் நாற்காலியிலும் பெற்றோர் தரையிலும் இருந்தால் பேச்சு வராது. எல்லாரும் ஜமக்காளத்தில் உட்காருங்கள், அல்லது எல்லாருக்கும் நாற்காலி போடுங்கள். அழைப்பை எழுதி அனுப்புவதைவிட, பிள்ளையின் குரலில் பதிந்த அரை நிமிட ஒலிச் செய்தி நன்றாகப் போய்ச் சேரும். தனிப்பட்ட பிள்ளையின் குறையைப் பொதுக் கூட்டத்தில் ஒருபோதும் பேசாதீர்கள். அப்படி ஒருமுறை தலைகுனிந்த தாய் மறுமுறை வர மாட்டார், அவரோடு சேர்ந்து அந்தத் தெருவும் வராது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று நம் நெல்பேட்டையில்தான் தொடங்கியது. அன்று முதல் காலையில் பிள்ளைகளுக்கு ஊர்த் தாய்மார் சமைப்பது பல பள்ளிகளில் அன்றாடக் காட்சி. சமையல் கூடம் வரை வந்த அந்தத் தாய்மாரை இன்னும் பத்தடி நடந்து வகுப்புக்குள் வரச் செய்வதே இனி உள்ள வேலை.

அலுவலர்களிடம் எங்கள் வேண்டுகோள் நான்கு. கூட்ட நேரத்தைத் தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் முடிவு செய்ய எழுத்தில் அனுமதி கொடுங்கள். குறுவள மையப் பயிற்சி நாள்களில் ஒன்றைச் சொல் நோட்டுக்கும் வீட்டுச் சந்திப்புக்கும் ஒதுக்குங்கள். உரை வேண்டாம், ஒலிப் பயிற்சியும் புத்தகம் மடிப்பதும் செய்து பார்க்கட்டும். வீட்டுச் சந்திப்புக்குப் படம் ஏற்றச் சொல்லாதீர்கள், தேதியும் ஆசிரியர் கையெழுத்தும் போதும். படம் கேட்டால் சந்திப்பு படத்துக்காகவே நடக்கத் தொடங்கிவிடும். மாசிப் பச்சை, சித்திரைத் திருவிழா போன்ற நாள்களை ஒட்டி மதிப்பீட்டு வாரம் வைக்காதீர்கள். குலசாமி கோயிலுக்கோ விருந்தாடியாகவோ போய் வந்த பிள்ளைகள் போன வழியை வரைந்து காட்டினால், நிலப்படப் பாடத்துக்கு அதுவே தொடக்கம்.

ஒன்றியம் தோறும் சொல் மாறும். மேலூர்ப் பக்கத்துச் சொல் திருமங்கலத்தில் வேறாக இருக்கும். ஜூன் முதல் வாரம் வட்டார வள மையத்தில் ஒவ்வொரு பள்ளியும் தன் 20 சொற்களைக் கொண்டுவந்தால், அந்த ஒன்றியத்துக்கான பட்டியல் ஜூலைக்குள் எல்லா வகுப்புக்கும் போய்விடும். அந்தப் பணியைத் தொகுத்துத் தர நாங்கள் வருகிறோம். நாளை மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரை மாவட்டத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்